கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் சாப்பிட



சாப்பிடும்போது உள்கன்னத்தை நறுக்கென்று கடித்துக்கொள்ளாதவர் நம்மில் யாராவது உண்டா? கண்ணில் தண்ணீரே வந்துவிடும். "யாரோ உன்னைத் திட்டுறாங்க" என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். திட்டுகிறவரைத் தேடுவதைவிட நம் பல்லைப் பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

பள்ளியில் மதியம் சத்துணவு வரிசையைக் கவனித்து, பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு எங்களுக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். டிபன் பாக்ஸைத் திறந்தால் கூடவே பேச்சு. அகவிலைப்படி விவாதம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து யாராவது ஒருவர் "ஸ்ஸ்" என்று கன்னத்தைப் பிடிப்பார்! அவசரமும் வாய் நிறைந்த பேச்சும்தான் பாதிக் காரணம்.

ஒருமுறை கடித்தால் அந்த இடம் வீங்கும். வீங்கிய சதை பற்களுக்கு நடுவே துருத்தி நிற்கும். அதனால் அடுத்த வேளையும் அங்கேயே கடி விழும். இரண்டு மூன்று நாள் மறுபக்கமாக, சிறு கவளமாக மெல்லுங்கள். முறுக்கு, ஊறுகாய்க்கு விடுமுறை கொடுத்துவிட்டு இட்லி, தயிர்சாதம் போதும். சாப்பிட்டதும் ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கொப்பளியுங்கள்.

வாரக்கணக்கில் அதே இடத்தில் கடி விழுந்தால் கோளாறு பல்லில் இருக்கலாம். ஞானப்பல் கன்னத்துப் பக்கம் சாய்ந்து முளைத்திருக்கும். அல்லது பல் உடைந்து முனை கூராக நிற்கும். புதிதாகக் கட்டிய பல்செட்டும் இப்படிச் செய்யும். எனக்கு மேல் கடைவாய்ப் பல்லின் முனை. பல் மருத்துவர் தேய்த்து வழவழப்பாக்கினார், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. (பேரப்பிள்ளைகளுக்குப் பல் பிடுங்க மரப்பு ஊசி போட்டால், மரப்பு போகும்வரை சாப்பிடக் கொடுக்காதீர்கள். வலி தெரியாமல் உதட்டையும் கன்னத்தையும் மென்றுவிடுவார்கள்.)

இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் என் தங்கை வீட்டுக்காரர். புகையிலையோடு வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர். கன்னத்தில் ஒரு புண். "பல்லு கடிச்சதுதான், தானா ஆறிடும்" என்று நான்கு மாதம் ஓட்டினார். வலி பெரிதாக இல்லை, அதுதான் அவரை ஏமாற்றியது. சதையை எடுத்துப் பரிசோதித்தபோது புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து இப்போது நடமாடுகிறார். ஆனால் வாய் முழுதாகத் திறக்காது. தங்கை சோற்றைக் குழையப் பிசைந்து தருகிறாள்.

வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நாளைக் காலை பல் தேய்த்ததும் கண்ணாடி முன் நின்று, கன்னத்தை விரலால் இழுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பற்கள் சேரும் மட்டத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு இருந்தால் பயம் வேண்டாம், அது பலருக்கும் இருப்பதுதான். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தாலும், தொட்டால் கெட்டியாக இருந்தாலும் அந்த வாரமே போய்க் காட்டுங்கள். புகையிலை போடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் வாயையும் பாருங்கள்.