கோய்டர் கோட்டுக்கு வடக்கே

ஜேம்ஸ்டவுனிலிருந்து ஒரூரூ வரை சாலையின் இரண்டு பக்கமும் கோதுமைதான். நாங்கள் போனது செப்டம்பரில். தெற்கு ஆஸ்திரேலியாவில் அது வசந்த காலம். பயிர் கதிர்விடும் பருவத்தில் நின்றது. இடையிடையே கனோலா மஞ்சளாகப் பூத்திருந்தது. வழியில் வந்த சிற்றூர்களில் தானியம் கொட்டிவைக்கும் உயரமான சைலோக்கள் தூரத்திலிருந்தே தெரிந்தன. வண்டியை ஓட்டிய தங்கை மகன், "ஒரூரூ தாண்டட்டும் பெரியம்மா, நாடே வேற மாதிரி ஆயிடும்" என்றான்.

அப்படித்தான் ஆனது, ஆனால் பளிச்சென்று இல்லை. கேரியட்டன் சாலையில் வடக்கே போகப் போக வயல்களுக்கு நடுவே தரிசு தலைகாட்டியது. பிறகு தரிசு பெரிதாகி வயல்கள் அபூர்வமாயின. பயிரின் பச்சை போய், மண்ணின் செம்மையும் ஒரு சாம்பல் நிறமும் வந்தன. அந்தச் சாம்பல் நிறம் சால்ட்புஷ் என்ற புதருடையது. இடுப்பளவுகூட வளராத செடி. இறங்கி ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்தேன். வெள்ளி பூசினாற்போல இருந்தது, வாயில் வைத்தால் உப்பு கரித்தது. மண்ணில் இருக்கும் உப்பை உறிஞ்சி, அதை இலையின் மேல்தோலில் ஒதுக்கிவிட்டு, கிடைக்கும் கொஞ்ச ஈரத்தில் பிழைத்துக்கொள்கிற செடி அது. இது எங்கே முளைத்திருக்கிறது என்று பார்த்துத்தான் ஒரு மனிதர் 1865-ல் இந்த நாட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

அவர் பெயர் ஜார்ஜ் உட்ராஃப் கோய்டர். தெற்கு ஆஸ்திரேலியக் காலனியின் சர்வேயர் ஜெனரல். 1863 முதல் 1866 வரை வடக்கில் கடும் வறட்சி. அரசிடம் குத்தகைக்கு நிலம் எடுத்து ஆடு மாடு வளர்த்தவர்கள் மந்தை மந்தையாக இழந்து, குத்தகையைக் குறைக்கும்படி மனுப் போட்டார்கள். வறட்சி உண்மையில் எதுவரை வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்ல அரசு கோய்டரை அனுப்பியது. குதிரையில் அவர் 3000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றினார் என்கிறார்கள். மழை அளவுப் பதிவுகள் அங்கே பேருக்குத்தான் இருந்தன. அதனால் அவர் செடிகளைப் படித்தார். மாலி என்ற யூகலிப்டஸ் மரங்கள் எங்கே நின்று போகின்றன, சால்ட்புஷ் எங்கே தொடங்குகிறது என்று குறித்துக்கொண்டே போனார். 1865 டிசம்பரில் அறிக்கை தந்தார். கிழக்கே விக்டோரியா எல்லையில் பின்னாரூ பக்கம் தொடங்கி, பர்ரா வழியாக ஒரூரூ வரை ஏறி, பிறகு தெற்கே இறங்கி, ஸ்பென்சர் வளைகுடாவைத் தாண்டி மேற்கே போகிறது அவர் கோடு. கோட்டுக்குத் தெற்கே மழையை நம்பலாம், வடக்கே நம்ப முடியாது. இன்றைய கணக்குப்படி ஆண்டுக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிமீட்டர் மழைக் கோட்டை ஒட்டியே அது ஓடுகிறது.

கோய்டருக்கு இந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. 1857-ல், அவர் இன்னும் துறைத் தலைவராகாத காலத்தில், வடக்கே டாரன்ஸ் ஏரிப் பக்கம் போனார். அப்போது நல்ல மழை பெய்திருந்தது. நன்னீர் ஏரி, பச்சைப் புல் என்று மனம் குளிர்ந்து அறிக்கை எழுதினார். ஊரே பரபரத்தது. சில மாதங்களில் மேலதிகாரி ஃப்ரீலிங் படகோடு போனபோது அங்கே சேறுதான் இருந்தது. கோய்டர் பார்த்ததில் பாதி கானல். ஒரு நல்ல வருஷம் எப்படி ஆளை ஏமாற்றும் என்பதை அவர் அன்று கற்றார். கற்றதை எட்டு வருஷம் கழித்து ஒரு காலனிக்கே சொல்லிக்கொடுக்கப் பார்த்தார். எனக்கு அவர்மேல் மதிப்பு பிறந்தது இந்த இடத்தில்தான்.

1869-ல் ஸ்ட்ராங்வேஸ் சட்டம் வந்து, 640 ஏக்கர் வரை நிலத்தைத் தவணையில் வாங்க வழி செய்தது. அதற்கு முன் ரொக்கம் வைத்திருந்தவர்களுக்குத்தான் நிலம். மந்தைக்காரர்களின் கையில் இருந்த பரந்த பூமியைப் பிரித்துச் சிறு விவசாயிகளுக்குக் கொடுப்பது நியாயமான நோக்கம், அதில் சந்தேகமில்லை. 1872-ல் தவணை விற்பனை கோய்டர் கோடு வரை நீண்டது. மேய்ச்சல்காரர்களின் நிவாரணத்துக்காகப் போட்ட கோடு இப்போது உழவுக்கு எல்லையானது. அந்த வருஷங்களில் மழையும் தொடர்ந்து நன்றாகப் பெய்தது. கோட்டுக்கு வடக்கே புல் இடுப்பளவு நின்றது. "அந்தக் கோட்டைத் தூக்கு" என்று கூச்சல் எழுந்தது. நிலத்தை உழுதால் மழை தானே பின்னால் வரும் என்ற நம்பிக்கையும் அப்போது பரவியிருந்தது. 1874-ல் சட்டமன்றம் கோட்டை நீக்கியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. கோட்டுக்கு அப்பால் வயல்களை அளந்து, ஊர்களை வரைந்து, விற்பனைக்குத் தயார் செய்யும் பொறுப்பு சர்வேயர் ஜெனரலுடையது. வேண்டாம் என்று சொன்னவரின் அலுவலகமே அளவுச் சங்கிலியைப் பிடிக்க வேண்டியிருந்தது. நூறு சதுர மைல் அளவில் "ஹண்ட்ரட்" என்ற பிரிவுகள், அதற்குள் சதுரம் சதுரமாக வயல்கள், நடை தூரத்துக்கு ஓர் ஊர். ஹேமண்ட், கோர்டன், வில்சன், கிராடக், ஹாக்கர், குவார்ன். அடிலெய்டைப் போலவே ஒவ்வொரு ஊரையும் சுற்றிப் பூங்காவுக்கென்று நிலம் ஒதுக்கி, தெருக்களுக்குப் பெயரிட்டு, படத்தில் அழகாக வரைந்தார்கள். அந்தப் படங்களைப் பார்க்கும்போது நமக்கே ஒரு மனை வாங்கத் தோன்றும்.

வந்தவர்கள் பேராசைக்காரர்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். கோட்டுக்கு உள்ளே நிலம் கிடைக்காத இளங்குடும்பங்கள் அவர்கள். விலையில் ஒரு சிறு பங்கை முன்பணமாகக் கட்டி, நிலத்திலேயே குடியிருந்து, உழுது காட்ட வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. சட்டம் கூப்பிட்டது, வந்தார்கள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு 640 ஏக்கர் என்ற அளவு மழை பெய்யும் தெற்குக்காக யோசித்தது. வடக்கின் மானாவாரிக்கு அது போதவே போதாது. விளையாத வருஷத்தில் ஆட்டை மேயவிட்டுச் சமாளிக்கலாம் என்றால், அதற்கும் இடமில்லை. மழையை விடவும் இந்த ஏக்கர் கணக்குதான் அவர்களைக் கவிழ்த்தது என்பது நாங்கள் பார்த்த இடிபாடுகளிலிருந்து எனக்குத் தோன்றுவது.

ஹாக்கரிலிருந்து குவார்னுக்கு இறங்கும் சாலை வில்லோக்ரா சமவெளி வழியாகப் போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு புகைபோக்கி நிற்கிறது. வீடு விழுந்த பிறகும் புகைபோக்கி விழுவதில்லை, அது கனத்த கல். கோர்டன் என்ற ஊர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தோம். கூரை இல்லை. இரண்டு அறை, நடுவில் பொதுவான கணப்பு. சுவர் உள்ளூர்க் கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு பாதி உதிர்ந்திருந்தது. சன்னலுக்கு மேல் உத்தரமாகப் போட்ட பைன் கட்டை இன்னும் கெட்டியாக இருந்தது. கரையான் அரிக்காத மரம் என்று தங்கை மகன் சொன்னான். வாசலில் ஒரே கல்லில் படி. அதன் நடுவில் காலடி பட்டுப் பட்டு லேசாகக் குழிந்திருந்தது. எத்தனை வருஷம் அங்கே குடியிருந்தார்களோ, கல் தேயும் அளவுக்கு இருந்திருக்கிறார்கள்.

1880-ல் மழை பொய்த்தது. அடுத்தடுத்த வருஷங்களும் மோசம். மணி பிடிக்காத கதிர், அப்புறம் கதிரே இல்லாத தாள், அப்புறம் விதைக்கு எடுத்து வைத்ததைத் தின்ன வேண்டிய நிலை. உழுது புரட்டிய மேல்மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. சால்ட்புஷ்ஷை வேரோடு பிடுங்கியிருந்தார்கள், மண்ணைப் பிடித்துவைக்க ஒன்றும் இல்லை. கடைசியில் நிலத்தை அரசிடமே திருப்பி ஒப்படைக்கச் சட்டத்தில் வழி செய்தார்கள். பலர் வண்டி கட்டிக்கொண்டு தெற்கே திரும்பினார்கள். பலர் விக்டோரியாவுக்குப் போனார்கள். கோய்டர் சொன்னது சரிதான் என்று அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

எச்சரிக்கை அவர்கள் கண்ணெதிரிலேயே இருந்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. அதே ஹாக்கர்-குவார்ன் சாலையில் கன்யாகா இருக்கிறது. 1850-களில் ஹியூ ப்ரோபி என்ற இளைஞர் தொடங்கிய மாட்டுப் பண்ணை. 1852-ல், 24 வயதில், வில்லோக்ரா ஓடையில் திடீர் வெள்ளம் வந்து அவர் மூழ்கி இறந்தார். வறட்சி பூமி என்று பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் வெள்ளத்தில் ஒரு சாவு! உடன்பிறந்தவர்கள் ஸ்காட்லாந்திலிருந்து அனுப்பிய கருங்கல் பலகை அவர் புதைகுழியின் மேல் கிடக்கிறது. அவருக்குப் பின் பண்ணை ஆடுகளுக்கு மாறி, வளர்ந்து ஒரு கிராமம் போல ஆனது. எழுபது குடும்பங்கள் வரை அதை நம்பி வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். 1860-களின் வறட்சியில் ஏறக்குறைய 20,000 ஆடுகள் மாண்டன. இந்தப் பண்ணையின் நிலத்தைத்தான் பத்து வருஷம் கழித்துக் கோதுமைக்கென்று கூறுபோட்டார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் இந்த மண்ணை அறிந்தவர்கள் நுகுனு, அட்னியாமத்னா, ஒரூரூ பக்கத்து நஜூரி மக்கள். எந்த ஊற்று வற்றும், எது வற்றாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஹாக்கருக்குத் தெற்கே யூரம்புல்லா குகைகளில் அட்னியாமத்னா ஓவியங்கள் இருக்கின்றன. ஏணி ஏறிப் போய்ப் பார்த்தோம். கருப்பிலும் காவியிலும் கோடுகள், வட்டங்கள். மந்தைகள் வந்ததும் அவர்களுடைய நீர்நிலைகள்தாம் முதலில் பறிபோயின. குடியேற்றத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வறட்சியில் நிலத்தை விட்டுப் போன விவசாயியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவனுக்குத் திரும்பிப் போகத் தெற்கே ஒரு நாடு இருந்தது. இவர்களுக்கு இதுதான் நாடு.

கோட்டுக்குத் தெற்கே இருந்தவர்கள் தப்பித்தது மழையால் மட்டும் இல்லை. யார்க் தீபகற்பத்தில் மாலி மரத்தை வெட்டினாலும் வேர்க்கட்டை மண்ணுக்குள் கிடந்து கொழுவை உடைத்துக்கொண்டே இருந்தது. 1876-ல் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித், கட்டையில் மோதினால் தானே எழும்பித் தாண்டி மறுபடி மண்ணில் இறங்கும் கலப்பையைச் செய்தார். அதன் பிறகு மாலிக் காடு வயலாயிற்று. வருஷா வருஷம் கோதுமையே போட்டு மண் களைத்துப்போனபோது, 1883-ல் தொடங்கிய ரோஸ்வொர்த்தி வேளாண் கல்லூரியில் கஸ்டன்ஸும் பின்னால் லௌரியும் மண்ணில் பாஸ்பரஸ் போதவில்லை என்பதைச் சொல்லி சூப்பர் பாஸ்பேட்டைப் பழக்கினார்கள். விதையோடு சேர்த்துக் கொஞ்சமே கொஞ்சம் உரத்தை இறக்கும் விதைப்புக் கருவி வந்தது. விளைச்சல் நிமிர்ந்தது. அந்தக் கோதுமையை அடைத்தது கல்கத்தாவிலிருந்து கப்பலேறிய சணல் சாக்கில். ரயிலடிகளில் மூட்டைகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கும் பழைய புகைப்படங்களில் வங்காளத்துச் சணலைத்தான் நான் பார்த்தேன்.

ரயில்தான் வடக்கில் மிச்சமிருந்த ஊர்களைக் காப்பாற்றியது. போர்ட் அகஸ்டாவிலிருந்து 1879-ல் குவார்னுக்கும், அடுத்த வருஷம் ஹாக்கருக்கும் பாதை வந்தது. நம் மீட்டர்கேஜைவிட விரல் அளவு அகலம் கூடிய பாதை. 1950-களில் புதிய பாதை மேற்கே ஒதுங்கிப் போனதும் குவார்ன் அடங்கிவிட்டது. இன்று பிச்சி ரிச்சி கணவாய் வழியாக அந்தப் பழைய நீராவி ரயிலைத் தன்னார்வலர்கள் ஓட்டுகிறார்கள். கரி படிந்த முகத்தோடு கொதிகலனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்.

முதல் நாள் கேரியட்டனுக்கு அருகில் ஒரு விவசாயியைச் சந்தித்திருந்தோம். வேலியோரம் வண்டியை நிறுத்தியதைப் பார்த்து, பழுதோ என்று விசாரிக்க வந்தவர். எழுபது வயதிருக்கும். கொள்ளுத்தாத்தா காலத்தில் ஒரே துண்டு நிலம். இன்று பல ஆயிரம் ஏக்கர். போனவர்களின் நிலத்தை இருந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய வேலிக்குள்ளேயே நான்கு குடும்பங்களின் இடிந்த வீடுகள் நிற்கின்றன. ஒன்றையும் அவர் இடிக்கவில்லை. "என் அப்பா அந்தக் குடும்பங்களின் பேரைச் சொல்லித்தான் வயலைக் குறிப்பிடுவார், நானும் அப்படியே" என்றார். வருமானம் பெரும்பாலும் மெரினோ ஆட்டிலிருந்து. கோதுமையும் பார்லியும் தெற்குப் பக்கத்து வயல்களில் மட்டும், அதுவும் வானம் இடம் கொடுத்தால்.

மழைக் குறிப்பேட்டைக் காட்ட வீட்டுக்கே கூட்டிப் போனார். மூன்று தலைமுறை எழுத்து. ஆண்டுக் கூட்டலை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது விரலை வைத்து நிறுத்தினார். "அதை விடுங்கம்மா. பிப்ரவரியில இடி மழை கொட்டினா கோதுமைக்கு என்ன பிரயோசனம்? ஏப்ரல்ல இருந்து அக்டோபர் வரை விழுந்ததைப் பாருங்க." அந்தப் பத்தியை மட்டும் அவர் தனியே பென்சிலால் கூட்டி வைத்திருந்தார். சில வருஷங்களில் ஆண்டுக் கணக்கு நன்றாகவே இருந்து, இந்தக் கணக்கு அதில் பாதிகூட இல்லை. புவி சூடாவதால் கோய்டர் கோடே தெற்கே நகரக்கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்வதைக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. முன்பெல்லாம் ஏப்ரல் 25, ஆன்சாக் நாளை ஒட்டி முதல் மழை விழுந்து விதைப்புத் தொடங்குவார்களாம். இப்போது மே கடைசி வரை காத்திருக்கிறார். அதற்குள் மண் நனையாவிட்டால் அந்த வருஷம் விதைப்பு கிடையாது, எல்லா வயலும் ஆட்டுக்கு.