உடைந்த போல்ட்டும் ஒரு பி.காம். மாணவனும்

எங்கள் பழைய மாருதி 800 வளைவில் திரும்பினால் 'டக் டக்' என்று முன் ஆக்சிலில் சத்தம். மறுநாள் பாட்டிக்குக் கண் ஆபரேஷன். கூலியை மிச்சம் பிடிக்க நானே கழற்ற உட்கார்ந்தேன். பி.காம். புத்தி!

கீழ் பால் ஜாயின்ட் போல்ட் துருவேறிக் கிடந்தது. ஸ்பேனரில் பைப்பைச் செருகி மிதித்தேன். தலை தரையில், மிச்சம் உள்ளே! அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்தார். டிரில் போட்டு எக்ஸ்ட்ராக்டர் விடலாமா என்றேன். "அது உள்ளே ஒடிஞ்சா பெரிய வம்பு தம்பி, சாதா டிரில் அதுல ஏறாது" என்றார். பேட்டரி வயரைக் கழற்றினார். ரப்பர் மேல் ஈரத்துணி சுற்றினார். உடைந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்தார். சிவப்பு மங்கும்வரை காத்திருந்து, முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தார். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்குவதில் துருவின் பிடி விட்டுவிடுமாம். வந்துவிட்டது, அப்பாடா!

பாட்டிக்குக் கட்டுப் பிரித்தாச்சு, நன்றாகத் தெரிகிறதாம். மிச்சம் பிடிக்க நினைத்ததைவிட வெல்டிங்குக்கே அதிகம் ஆனது. நஷ்டக் கணக்கில் எழுதிவிட்டேன். நீங்களாவது முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறவிட்டுப் பிறகு ஸ்பேனரை எடுங்கள்.

அந்த உடைந்த தலையை அப்பா என் மேஜையில் வைத்திருக்கிறார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.