அஹ்லாத்தின் கல்தச்சர்கள்

கிழக்குத் துருக்கியின் பித்லிஸ் மாகாணத்தில், வான் ஏரியின் வடமேற்குக் கரையில் இருக்கிறது அஹ்லாத். 1071இல் மலாஸ்கிர்த் போரில் பைசாந்தியப் பேரரசைத் தோற்கடித்த செல்ஜுக் துருக்கியருக்கு இவ்வூர் முக்கியத் தளமாக இருந்தது. அதன்பின் அஹ்லாத்ஷாக்கள், அய்யூபிகள், மங்கோலியர் என ஆள்வோர் மாறினார்கள், கல்வேலை தொடர்ந்தது. அந்த வேலையை 2022இல் யுனெஸ்கோ, உடனடியாகக் காக்கப்பட வேண்டிய பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

இந்தத் தொழிலுக்கு மூலப்பொருள் தந்தது அருகிலுள்ள நெம்ரூத் எரிமலை. அது கக்கிய சூடான சாம்பல் படிந்து இறுகி உண்டான கல்லுக்கு ஊர்ப்பெயரையே வைத்து அஹ்லாத் கல் என்கிறார்கள். பழுப்பு, செம்பழுப்பு, கருப்பு என அது பல நிறங்களில் கிடைக்கிறது. உள்ளே நுண்துளைகள் நிறைந்திருப்பதால் எடை குறைவு. அதே துளைகளால் கோடை வெயிலும் பனிக்காலக் குளிரும் சுவரைத் தாண்டி எளிதில் உள்ளே வருவதில்லை. உளிக்கு இணங்கிக் கொடுக்கும் கல் என்பதால் நுட்பமான செதுக்கு வேலைக்கும் ஏற்றது.

குவாரியில் பெயர்த்த கல்லைப் பட்டறைக்குக் கொண்டுவந்து அளவுக்கு அறுத்து, முகத்தைப் பொளிந்து, மூலை மட்டம் பார்க்கிறார்கள். கல்லை எடுப்பவர், அறுப்பவர், சுவர் எழுப்புபவர் என்று வேலை பிரிந்திருக்கிறது. எந்தக் கல் விரியும், எது தாங்கும் என்ற அறிவு ஆசானிடமிருந்து சிற்றாளுக்குக் கை வழியாகவே போய்ச் சேருகிறது.

இந்தத் தச்சர்கள் எட்டிய உயரத்தை அஹ்லாத்தின் செல்ஜுக் கல்லறைத் தோட்டத்தில் காணலாம். ஏறக்குறைய 210,000 சதுர மீட்டர் பரப்பில், 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரையிலான நினைவுக் கற்கள் நிற்கின்றன. சில கற்கள் மூன்று மீட்டருக்கும் மேல் உயரம். ஒரு கல்லின் அருகே போய்ப் பார்த்தால் வேலையின் அடுக்குகள் தெரிகின்றன. ஒரு முகத்தில் இறந்தவரின் பெயரும் ஆண்டும் இறைவசனமும் அரபு எழுத்தில் புடைப்பாக இருக்கும். மறு முகத்தில் நட்சத்திரங்களும் பலகோணங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்ளும். ஒரே கோட்டைக் கண்ணால் தொடர்ந்தால் அது முழுப் பலகையையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் முடியும். உச்சியில் தேன்கூட்டு அடுக்கு வேலை. சில கற்களில் யாளித் தலைகள் நினைவுக்கு வரும்படியான டிராகன் தலைகள். இப்பகுதியில் ஆர்மீனியர் செதுக்கிய சிலுவைக் கற்களோடு இவற்றை ஆய்வாளர்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள்.

இக்கற்களில் மிக அரியது அடியிலோ ஓரத்திலோ இருக்கும் சிறிய வரி: செதுக்கியவரின் பெயர். உவைஸ் பின் அஹ்மத், அசத் பின் அய்யூப், காசிம் பின் உஸ்தாத் அலி முதலிய பெயர்களை அறிஞர்கள் படித்தெடுத்திருக்கிறார்கள். கடைசிப் பெயரில் வரும் உஸ்தாத் என்பது ஆசானுக்குரிய பட்டம். அதாவது ஆசானின் மகனும் அதே தொழிலுக்கு வந்திருக்கிறார். இடைக்காலத்தில் உலகெங்கும் கட்டடம் கட்டிய கைகள் பெரும்பாலும் பெயரற்றுப் போயின. அஹ்லாத்தில் பிரபுவின் பெயரும் தச்சரின் பெயரும் ஒரே கல்லில் நின்றன. உழைப்பவருக்கு ஒரு சமூகம் தரக்கூடிய மரியாதை அது.

அந்தப் பெயர்கள் ஊருக்கு வெளியேயும் போயின. 1228-29இல் எழுந்த, திவ்ரிகி ஊரின் பெரிய பள்ளிவாசலையும் மருத்துவமனையையும் கட்டியவர் அஹ்லாத்தைச் சேர்ந்த ஹுர்ரம்ஷா. அவர் பெயர் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வாயில்களில் செதுக்கு வேலை நிறைந்த அந்தக் கட்டடத் தொகுதி 1985இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற தகுதியைப் பெற்றது. தெர்ஜான் ஊரில் உள்ள மாமா ஹாத்தூன் நினைவிடத்திலும் அஹ்லாத் தச்சர் ஒருவரின் பெயர் உண்டு.

ஊருக்குள் எஞ்சியிருக்கும் செல்ஜுக் மரபின் முக்கியக் கட்டடங்கள் கும்பெத் எனப்படும் கோபுரக் கல்லறைகள். சதுர அடித்தளத்தின் மூலைகளைச் சாய்த்து வெட்டி, அதன்மேல் உருளை வடிவ உடலை ஏற்றி, கூம்புக் கூரையால் மூடியிருப்பார்கள். கீழறையில் உடல் அடக்கம், மேலறையில் தொழுகை. 1279, 1281ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இரட்டைக் கும்பெத்துகளும், ஊர்மக்கள் ஆசான்–சீடன் கும்பெத் என்று அழைக்கும் பெரிய கும்பெத்தும் குறிப்பிடத்தக்கவை. 1481இல் பாபா ஜான் கட்டிய பாயிந்தர் கும்பெத் இந்த மரபின் பிந்திய வடிவம். அதில் சுவரின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் குட்டையான தூண்வரிசை வந்து உள்ளறையை வெளிச்சத்துக்குத் திறந்துவிடுகிறது.

இன்று இந்தத் தொழிலைத் தளர்த்துவது கான்கிரீட். கான்கிரீட் வீடு விரைவில் எழும்பும். கல்வீட்டுக்கு ஆளும் நாளும் கூடுதலாக வேண்டும். இளைஞர்கள் பிழைப்பைத் தேடி வெளியூர் போகிறார்கள். ஆசான்கள் குறைகிறார்கள், கற்றுக்கொள்ள வருவோர் அதைவிட வேகமாகக் குறைகிறார்கள். பழைய கற்களில் படரும் பாசிக்காளானைத் துடைக்கவும் சாய்ந்த கல்லை நிமிர்த்தவும் செலவழிக்கும் பணம் அவசியமானதுதான். ஆனால் பழுதுபார்ப்பு மட்டும் ஒரு தொழிலை வாழவைக்காது. தச்சருக்கு வேண்டியது புதிய வேலை: கல்லில் கட்டப்படும் வீடு, பள்ளிக்கூடம், அரசு அலுவலகம். சிற்றாளுக்கு வேண்டியது கற்கும் காலத்திலேயே குடும்பம் நடத்தப் போதுமான கூலி. கல்லறையைச் சுற்றி வேலி போட்டு நுழைவுச்சீட்டு விற்பவர்கள், உளி பிடிப்பவரின் அடுப்பு எரிகிறதா என்றும் கேட்க வேண்டும். காக்கப்பட வேண்டியதாக யுனெஸ்கோ பட்டியலிட்டது கல்லைச் செதுக்கத் தெரிந்த அறிவை. அந்த அறிவு கூலி கிடைக்கும் கைகளில்தான் தங்கும்.