வழு நாடும் கலை

நன்னூல் கற்ற மாணவர் எவரும் ‘வழு’ என்னும் சொல்லை அறிவர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழிடத்தும் சொல் பிறழ்ந்து வருவதை வழு என்றும், பிறழாது வருவதை வழாநிலை என்றும் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். அச்சொல்லே இன்று நம் நாட்டுப் பாடசாலைகளிற் கணினிப் பாடத்திலும் வழங்குகின்றது. தொடரியல் வழு, இயங்குநேர வழு, தருக்க வழு என அதனை மூவகைப்படுத்தி நாம் கற்பிக்கின்றோம். சொல்லில் நேரும் வழு கேட்போர் செவியை உறுத்தும். உடனே திருத்திக் கொள்ளலாம். கணினியில் நேரும் வழுவோ ஓசையின்றி ஒளிந்திருந்து, ஒரு பிள்ளையின் உள்ளத்தையே உறுத்திவிடக்கூடும். கணிதமும் கணினியும் கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், இவ்வழுக்களைத் தேடிக் களையும் கலையைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றேன்.

ஆங்கிலேயர் கணினி வழுவைப் ‘பூச்சி’ என்பர். 1947 செப்டெம்பர் 9 ஆம் திகதி, ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் பரிசோதிக்கப்பட்டு வந்த மார்க் 2 என்னும் கணிபொறி பிழைபட இயங்க, அதனைத் திறந்து பார்த்தவர்கள் மின்னிணைப்பான் ஒன்றின் இடையே ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டிருக்கக் கண்டனர். அப்பூச்சியைக் குறிப்பேட்டில் ஒட்டியும் வைத்தனர். அவ்வேடு இன்று சிமித்சோனியன் அரும்பொருளகத்தில் உள்ளது. எனினும் அச்சொல் அன்று பிறந்ததன்று. எடிசன் 1878 இல் எழுதிய கடிதத்திலேயே தம் கருவிகளிற் காணும் கோளாறுகளை அப்பெயராற் குறித்திருக்கின்றார். கேம்பிரிட்ஜிலே எட்சாக் கணினியை உருவாக்கிய மொரிஸ் வில்க்ஸ், தம் எஞ்சிய வாழ்நாளிற் பெரும்பங்கு தாம் எழுதிய செய்நிரல்களிற் பிழை தேடுவதிலேயே கழியப் போகின்றது என்பதை 1949 இல் ஒருநாள் திடீரென உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார். பேரறிஞர் நிலையே இதுவாயின், முதன்முதலாகச் செய்நிரல் எழுதும் நம் பிள்ளைகள் வழுக் கண்டு மனம் சோர்தல் வேண்டா.

மேசைக் கணினிக்கு மென்பொருள் எழுதும் மாணவரிடம் நான் அடிக்கடி கேட்கும் வாசகம் ஒன்றுண்டு: “சேர், என்ரை கொம்பியூட்டரிலை ஒழுங்காய் வேலை செய்யுதே!” அது பொய்யன்று; ஆனால் விடையும் அன்று. அவன் வீட்டுக் கணினியில், செய்நிரலுக்குத் துணையாக வேண்டிய நூலகக் கோப்புகள் முன்னமே இருக்கின்றன. பாடசாலைக் கணினியில் அவை இல்லை. அல்லது தரவுக்கோப்பு இருக்கும் இடத்தைத் தன் வீட்டுக் கணினியின் முழு முகவரியோடு செய்நிரலுள் எழுதி விட்டிருக்கின்றான். உரும்பிராய் வீட்டு இலக்கத்தை எழுதிவிட்டுச் சாவகச்சேரியில் அவ்வீட்டைத் தேடினால் அகப்படுமா? செய்நிரல் தான் நிற்கும் இடத்திலிருந்து வழி கணிக்குமாறு எழுதுதலும், வேண்டிய துணைக்கோப்புகளையும் உடன் பொதிந்து கொடுத்தலும், ஒன்றும் நிறுவப்படாத வேறொரு கணினியில் ஒருமுறை இயக்கிப் பார்த்தலுமே இதற்குப் பரிகாரம்.

அடுத்தது தமிழெழுத்துத் தொல்லை. எழுத்துச் சிதைந்தது எனப் பொதுவாகச் சொல்வதிற் பயனில்லை. எவ்வாறு சிதைந்தது என்று நோக்க வேண்டும். திரையில் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாக நின்றால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சிடப்பட்டதாக இருக்கலாம். அங்கே உள்ளிருப்பவை ஆங்கில எழுத்துகளின் இலக்கங்களே. தமிழ் வடிவம் எழுத்துரு போர்த்திய ஆடை மாத்திரமே. அவ்வெழுத்துருவை இட்டால் தமிழ் மீளும். வெற்றுக் கட்டங்கள் தோன்றினால், தரவு பழுதின்றி இருக்க, தமிழ் வடிவங்களைக் கொண்ட எழுத்துருவே அங்கு இல்லை என்பது பெரும்பாலும் பொருந்தும். வினாக்குறிகள் வரிசையாக நின்றாலோ கவலை கொள்ள வேண்டும். 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்த யுனிக்கோட் முறையிலான எழுத்துகளை, தமிழே அறியாத பழைய குறிமுறையொன்றில் எழுதினால், ஒவ்வோர் எழுத்தும் வினாக்குறியாக மாறும். அந்நிலையிற் கோப்பைச் சேமித்துவிட்டால், இழந்த எழுத்தை அக்கோப்பிலிருந்து எவராலும் மீட்க இயலாது. நோய் ஒன்று போலத் தோன்றினும் முதல் மூன்று, மருந்தும் மூன்று.

பொத்தானை அழுத்தியதும் சாளரம் உறைந்து நிற்றல் இன்னொரு குறை. ஐந்து விநாடி வரை சாளரம் செவிசாய்க்காதிருப்பின், ‘பதிலளிக்கவில்லை’ என விண்டோஸ் அறிவித்துவிடும். செய்நிரல் இறந்துவிட்டது எனப் பலர் அதனை மூடிவிடுவர். உண்மையில் அது பின்னறையில் வேலையாக இருத்தல் கூடும். ஒருவரே நடத்தும் கடையில், முதலாளி மூடை எடுக்க உள்ளே சென்றால், முன்னே நிற்கும் வாடிக்கையாளருக்கு யார் மறுமொழி சொல்வார்? திரையைக் கவனிக்கும் இழை வேறு, பெருவேலை செய்யும் இழை வேறு எனப் பிரித்துவிட்டாற் கடையும் நடக்கும், மூடையும் வரும்.

இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படும் வழுக்கள். புலப்படாத வழுவே பொல்லாதது. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர மாணவன் ஒருவன், தவணைத் தேர்ச்சி அறிக்கை ஆயத்தஞ் செய்யும் மென்பொருளொன்றைப் பைதன் மொழியில் எழுதினான். இரு வினாத்தாள்களின் புள்ளிகளையும் கூட்டி, இரண்டால் வகுத்து, அரைப் புள்ளி வரின் மேலேற்றிப் போடுவது வழக்கம். அறிக்கைகள் வழங்கப்பட்ட மறுநாள் ஒரு தாய் என்னிடம் வந்தார்.

“மாஸ்ரர், மகள் ஒரு தாளிலை எழுபத்திரண்டு, மற்றதிலை எழுபத்தேழு எடுத்தவள். எழுபத்துநாலரை எண்டால் எழுபத்தைஞ்சு தானே போடவேணும்? இதிலை எழுபத்துநாலெண்டு கிடக்கு,” என்றார். அவர் குரலிற் கோபம் இல்லை, தயக்கமே இருந்தது. 75 எனில் ஏ தரம். 74 எனில் பி தரம்.

மாணவனை அழைத்தேன். அவன் 73.5 என்னும் எண்ணைக் கொடுத்துப் பார்த்தான். 74 என விடை வந்தது. “சரியாய்த்தானே சேர் வருது! அந்தப் பிள்ளையின்ரை அறிக்கையிலை மட்டும் கையாலை மாத்திவிடுவமே?” என்றான்.

“தம்பி, வந்து கேட்ட பிள்ளைக்கு மாத்திவிடலாம். கேளாத பிள்ளைக்கு என்ன செய்யப் போறாய்?” என்றேன்.

அவன் தலை குனிந்தான், பின்னர் அமர்ந்தான். நாங்கள் எண்களை ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்தோம். 70.5 கொடுக்க 70, 71.5 கொடுக்க 72, 72.5 கொடுக்க 72, 73.5 கொடுக்க 74, 74.5 கொடுக்க மீண்டும் 74. விடைகள் யாவும் இரட்டை எண்கள்! அரை வரும்போது அருகிலுள்ள இரட்டை எண்ணுக்கு மட்டந்தட்டுவது அம்மொழியின் முறை. அது குறையன்று, அரைகளையெல்லாம் மேலேயே ஏற்றினால், பெருந்தொகையான எண்களைக் கூட்டும்போது மொத்தம் உண்மையினும் மிகும் என்பதற்காகக் கைக்கொள்ளப்பட்ட முறை. ஆனால் நம் வழக்கம் அதுவன்று.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. 75, 65, 55, 35 என்னும் தர எல்லைகள் யாவும் ஒற்றை எண்கள். ஆகவே எல்லைக்கு அரைப் புள்ளி குறைவாக நின்ற பிள்ளைகள் அனைவரும், ஒருவர் தவறாது, கீழே தள்ளப்பட்டனர். கூட்டுத்தொகையுடன் ஒன்றைச் சேர்த்து, இரண்டால் வகுத்து, மீதியை விடுமாறு அவன் ஒரே வரியைத் திருத்தினான். 149 உடன் 1 சேர 150, ஈவு 75. அறிக்கைகளையெல்லாம் மீளக் கணித்தபோது, மேலும் மூன்று பிள்ளைகள் தரம் இழந்திருக்கக் கண்டோம். அவர்களுள் ஒருவன் 34.5 எடுத்தவன், சித்தியெய்த வேண்டியவன் சித்தியெய்தாதவனாக அச்சிடப்பட்டிருந்தான். அவன் வீட்டிலிருந்து எவரும் வந்து கேட்கவில்லை. கணினி சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார்கள் போலும்.

மாணவர்காள்! வழுவைத் தேடும் முறை கடினமானதன்று. முதலில், வழுவை மீண்டும் உங்கள் கண்முன் நிகழச் செய்யுங்கள். கணினி காட்டும் வழுச்செய்தியை அஞ்சி மூடாது, ஈற்று வரிவரை வாசியுங்கள். ஒருவேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணப்படுத்தியது என்று அறியமாட்டீர்கள். செய்நிரலைப் பாதியாகப் பிரித்து, வழு எப்பாதியில் உள்ளதெனக் கண்டு, அப்பாதியை மீண்டும் பாதியாக்குங்கள்; ஆயிரம் வரிகளாயினும் பத்து முறையில் அகப்படும். சரியான விடை ஒன்று வந்ததும் மகிழ்ந்து எழுந்துவிடாது, எல்லையில் நிற்கும் எண்களைக் கொடுத்துச் சோதியுங்கள். ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த முறையும் இதுவேயன்றோ?

பெற்றோரிடமும் ஒன்று கேட்பேன். அச்சிட்ட தாளில் உள்ளதென்பதற்காக எதனையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஐயம் தோன்றின் தயங்காது வந்து கேளுங்கள். கேட்கும் ஒருவரால், கேளாத பலருக்கும் நீதி கிடைக்கும்.