ஏ-9 வீதியில் இரு பெண்கள்

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 வீதியால் ஏறக்குறைய 140 கிலோமீற்றர். மத்தியானத்துக்குப் பிறகு, தோழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டேன். புளியங்குளம் தாண்டியதும் அவளுடைய துப்பட்டா பின்சில்லில் சுற்றி இழுத்தது. மெதுவாகப் போனதால் கழுத்து தப்பியது. விழுந்ததில் முழங்கையில்தான் காயம். முறிகண்டியில் கச்சான் விற்கும் அம்மா காயத்தைக் கழுவிவிட்டு, "துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில முடி பிள்ளை" என்றார். சேலைத் தலைப்புக்கும் இதுதான். தனியே குடும்பம் சுமக்கும் சகோதரிகளே, உங்கள் கை முறிந்தால் வீட்டில் உலை வைப்பது யார்?

ஆனையிறவில் இருபுறமும் கடல்நீரேரி. பக்கக் காற்று வண்டியைத் தள்ளியது, எவரையும் முந்தவில்லை. பளையில் இருட்டிவிட்டது. தார் வீதியில் படுத்திருக்கும் கறுப்பு மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. கொடிகாமத்தில் தெரிந்த வீடொன்றில் தங்கி, விடியத்தான் வெளிக்கிட்டோம்.