11 பேருக்கு ஒரு பானை கூழ்

நெடுந்தீவுக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் இறங்குதுறையிலேயே ஒரு வாகனத்தைப் பிடித்துவிடுகிறார்கள். பெருக்கு மரம், புறாக்கூடு, வளரும் கல், கோட்டை, குதிரைகள் என்று வரிசையாகப் படம் பிடித்துக்கொண்டு பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள். 2024 மாசியில் வத்தளையிலிருந்து சென்ற நாங்கள் 11 பேரும் நடப்பது என்று முடிவு செய்திருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி உத்தியோகத்தர்கள், இரண்டு சிங்கள நண்பர்கள் எனக் கலந்த குழு அது. எல்லோருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். மூத்தவருக்கு வயது 68.

புங்குடுதீவின் குறிகாட்டுவானில் படகேறினால் மாவிலித்துறையை அடைய ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகும். யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் பரப்பில் பெரியவற்றுள் ஒன்று நெடுந்தீவு. அதன் பரப்பு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களையே இத்தீவுகளுக்கு இட்டார்கள். லெய்டனும் அம்ஸ்டர்டாமும் மறைந்து, வேலணையும் காரைநகருமே நிலைத்தன. டெல்ஃப்ட் மட்டும் இன்னும் அரச ஆவணங்களில் நெடுந்தீவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நடப்பவரின் கண்ணில் முதலில் படுவன கல்வேலிகள். முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வேலிகள் ஒழுங்கை ஒழுங்கையாக நீள்கின்றன. கிரேக்கத் தீவுகளிலும் இத்தகைய சாந்தில்லாக் கற்சுவர்கள் உண்டு. கிரேக்கம் உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் இந்தக் கட்டுமானக் கலையை யுனெஸ்கோ 2018 இல் மானுடத்தின் அருவ மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அங்கே டினோஸ் தீவின் கல்லாலான புறாக்கூடுகளையும் பழைய நடைபாதைகளையும் பார்ப்பதற்கென்றே குழுக்குழுவாக நடக்கிறார்கள். நடந்து முடிந்தபின் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்கள். நெடுந்தீவிலும் புறாக்கூடு இருக்கிறது, கற்சுவர் இருக்கிறது, கடலும் வெயிலும் இருக்கின்றன. நடப்பவர்கள்தான் குறைவு.

தீவின் மேற்குப்புற வெளிகளில் குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இவை என்பார்கள். பிரித்தானியர் காலத்திலும் இங்கே குதிரை வளர்ப்பு நடந்தது. ஆள்வோர் போய்விட்டார்கள். குதிரைகள் உவர் காற்றையும் கோடையின் தண்ணீர்ப் பஞ்சத்தையும் தாங்கிக்கொண்டு நின்றுவிட்டன.

ஒரு வேலியோரப் பூவரச நிழலில் இளைப்பாறியபோது சிங்கள நண்பர் ஒருவர் கேட்டார்: "வேலிகள் இவ்வளவு ஒழுங்காக இருக்கின்றன, உள்ளே ஆட்கள் எங்கே?" அதுவரை நாங்கள் கடந்துவந்த வளவுகளுள் பலவற்றில் கிணறும் பனையும் இருந்தன, வீட்டுக்குக் கூரை இல்லை. வாகனத்தில் போயிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

விடை ஒன்றல்ல. நன்னீரும் வயல்நிலமும் தேடி வன்னிக்குப் போனவர்கள் உண்டு. படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போனவர்கள் உண்டு. போர் வந்தபின் கடல் கடந்தவர்கள் உண்டு. 1985 மே 15 ஆம் திகதி மாவிலித்துறையிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். இறந்தவர்கள் இருபதுக்கும் அதிகம், அவர்களுள் குழந்தைகளும் இருந்தார்கள். கடற்படையினரே செய்தார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள், அரசு மறுத்தது. ஆண்டுதோறும் அந்நாளில் மாவிலித்துறையில் மக்கள் கூடி நினைவுகூர்கிறார்கள். நாங்கள் காலையில் கடந்துவந்ததும் அதே கடல்தான் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து நடக்கத் தொடங்கியபின் நெடுநேரம் எவருமே பேசவில்லை.

மதிய உணவுக்கு ஓர் ஆச்சியின் வீட்டில் முன்கூட்டியே ஒழுங்கு செய்திருந்தோம். ஒடியற்கூழ். பனங்கிழங்கை அவிக்காமல் உலர்த்தினால் ஒடியல். அதை இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, கசப்புப் போகப் பலமுறை நீர் மாற்றவேண்டும். நண்டு, இறால், கணவாய், மீன் ஆகியவை தீவின் கடலிலிருந்து வந்தவை. பயற்றங்காயும் மரவள்ளியும் பலாக்கொட்டையும் எங்களைப் போலவே படகில் வந்தவை. செத்தல் மிளகாயை அரைத்துக் கரைத்து, புளி விட்டு, கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றிக் காய்ச்சினார் ஆச்சி. பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தோம். உறைப்புத் தாளாமல் மூக்கை உறிஞ்சியவர்களே முதலில் மறுபடி பிளாவை நீட்டினார்கள்.

"வீட்டிலை அடிக்கடி காய்ச்சுவீங்களோ, ஆச்சி?" என்று கேட்டேன்.

"எங்கை தம்பி, இப்ப நானும் இவருந்தானே. ரெண்டு பேருக்குக் கூழ் காய்ச்சேலாது. கூழ் எண்டால் ஆக்கள் வேணும்."

நாற்பதாண்டு நாளேட்டு மொழியில் நாங்கள் எழுதிக் குவித்த இடப்பெயர்வுச் செய்திகள் எவற்றிலும் இந்த வாக்கியம் இல்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் நெடுந்தீவு மக்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. அத்தொகை என்ன பொருள்படுகிறது என்பதை அந்தப் பானையே சொன்னது. ஒரு நாள் வந்து போகிறவர்கள் வெறுமையான வளவுகளை நிரப்பிவிட முடியாது. ஆனால் 11 பேர் ஒரு முற்றத்தில் சுற்றியிருந்து குடித்தால், அன்றைக்கு ஒரு பெரிய பானை அடுப்பேறும்.

போக எண்ணுகிறவர்கள் கூட்டமாகப் போங்கள், நடந்து பாருங்கள். சாப்பாட்டுக்கு முதல்நாளே சொல்லி வையுங்கள். காய்கறி படகில் வரவேண்டும், மாவும் ஊறவேண்டும்.