ஆறாவது கியர்

எங்கள் தொழிற்சாலையில் என்னோடு இரவுவேலை செய்யும் தம்பி ஒருவனிடம் 1994ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. 1.8 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர். குளிர்காலத்தில் இரண்டாவது கியர் கறகறத்துத்தான் விழும்.

"அண்ணை, ஊருக்கு அனுப்பச் சேர்த்த காசு கிடக்கு. பிந்தி வந்த மொடலின்ர ஆறு கியர் பெட்டியை வாங்கிப் பூட்டுவம். ஓட்டோபானில இரைச்சலும் குறையும், பெற்றோலும் மிஞ்சும்" என்றான்.

ஆறு என்றால் ஐந்தைவிட நீளம் என்று பலர் எண்ணுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். அவனுடைய பெட்டியில் ஐந்தாவது கியரின் விகிதம் 0.814. அந்த ஆறு கியர் பெட்டியில் ஆறாவது 0.843. எண் கூடினால் அதே வேகத்துக்கு எஞ்சின் கூடச் சுற்றும். பின் டிஃபரன்சலையும் மாற்றாவிட்டால், 3500 சுற்றில் ஓடுகிற கார் 3600ஐத் தாண்டும். படிகள் நெருக்கமாக இருப்பதுதான் ஆறு கியரின் சுகம். மலைப்பாதையில் அது தெரியும். தினமும் ஓட்டோபானில் வேலைக்குப் போகிறவனுக்கு எதற்கு?

பாவித்த ஐந்து கியர் பெட்டி ஒன்றையே வாங்கினோம். லிஃப்ட் வாடகைக்குத் தரும் கராஜில் சனிக்கிழமை முழுவதும் வேலை. இந்தக் காரில் கியர்பெட்டியையும் பின் டிஃபரன்சலையும் நீண்ட அலுமினியச் சட்டமொன்று இணைக்கிறது. அதைக் கழற்றாமல் பெட்டி இறங்காது. இறங்கிய கையோடு கிளச் தட்டையும் பெயாரிங்கையும் மாற்றச் சொன்னேன். அவற்றுக்காக இன்னொரு முறை யார் இதையெல்லாம் கழற்றுவது?

மிச்சக் காசைத் திங்கட்கிழமை ஊருக்கு அனுப்பினான். இரண்டாவது கியர் இப்போது சத்தமில்லாமல் விழுகிறது. ஓட்டோபான் இரைச்சல்தான் அப்படியே இருக்கிறது.